கூத்துக்குக் கிளம்பிட்டியா?

காரிமங்கலத்தில் ஒரு கல்லூரி மாணவி கண்ணிமையில் கொஞ்சம் நிறம் தீட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ ஷேடோ. வாழ்க்கையில் முதல் தடவை. ஒரு கண்ணில் கொஞ்சம் தூக்கலாகவும் இன்னொரு கண்ணில் மங்கலாகவும் இருக்கிறது. அவள் காதில் விழப்போகும் முதல் வாசகம் என்ன? தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம்.

"என்னாடி, கூத்துக்குக் கிளம்பிட்டியா?"

கேட்பது அத்தையாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் தோழியாகவே இருக்கலாம். பெரிய கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. சும்மா ஒரு கிண்டல். ஆனால் அந்தச் சும்மாவுக்குள் இரண்டு பேரை ஒரே அடியில் அடித்துவிடுகிறார்கள். ஒன்று அந்தப் பெண். இன்னொன்று கூத்து.

கூத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது ராத்திரி முழுக்க ஊரே தூங்காமல் உட்கார்ந்திருக்கும். துரியோதனனாக வருபவருக்கு முகத்தில் சிவப்பு பூசி, கண்ணைச் சுற்றி வெள்ளையும் கருப்புமாக எழுதி, புருவத்தை வளைத்து விட்டவர் யார்? யாரும் இல்லை. கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவரே எழுதிக்கொள்கிறார். சின்ன வயதிலேயே ஒரு வாத்தியாரிடம் சேர்ந்து, பல வருஷம் தன் முகத்திலேயே போட்டுப் போட்டு அழித்துப் பழகிய கை அது. முதல் வருஷம் அந்தப் பையன் எழுதிய புருவம் கோணலாகத்தான் இருந்திருக்கும். அப்போது அதை யாரும் 'ஷோக்கு' என்று சொல்லவில்லை. பயிற்சி என்றார்கள். பக்கத்து மாநிலத்தில் கதகளிக்கு வேஷம் கட்ட மூன்று நான்கு மணி நேரம் ஆகும், கண் சிவக்க சுண்டைப்பூவின் விதை வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னால், அடடா என்ன அர்ப்பணிப்பு என்று வாயைப் பிளக்கிறோம். ஒரு பெண் பாத்ரூம் கண்ணாடி முன்னால் இருபது நிமிஷம் நின்றால் மட்டும் கதவைத் தட்டுகிறார்கள்.

(கூத்துக்காரருக்கும் கிரீடம் தலையில் இருக்கும் வரைதான் மரியாதை. விடிந்து கிரீடத்தைக் கழற்றினால் 'கூத்தாடி' என்பது தமிழில் வசவு. ஆகவே அந்தக் கிண்டல் அவரையும் சேர்த்தே கேவலப்படுத்துகிறது. ஊருக்கு இது உறைப்பதே இல்லை.)

சரி, விஷயத்துக்கு வரலாம். கண்ணிமைக்கு நிறம் தீட்டுவது அத்தனை லேசான காரியமா? கிண்டல் பண்ணும் அண்ணன்மார்கள் ஒருநாள் முயன்று பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் இன்னொரு கண்ணால் பார்த்து, மூடிய கண்ணின் இமையில் தீட்ட வேண்டும். வலது கண்ணுக்கு வாகாக வரும் கை இடது கண்ணுக்கு முகத்தைத் தாண்டிப் போகவேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வருவது எப்படி? மை தீட்டும்போது கண் அந்தக் கோலைக் காண்பதில்லை என்கிற சங்கடம் வள்ளுவர் காலத்திலேயே இருந்திருக்கிறது. 1285-ஆம் குறளில் அதை உவமையாகவே வைத்திருக்கிறார். சங்கப் பாட்டுகளில் மை தீட்டிய கண்ணுக்கு 'உண்கண்' என்று தனிச் சொல்லே உண்டு. அலங்காரம் எல்லாம் டிவி வந்து கெடுத்தது என்று அளப்பவர்கள் தமிழாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளக்கலாம்.

இப்போது அந்தப் பெண் எப்படிக் கற்றுக்கொள்கிறாள் என்று பாருங்கள். வீட்டில் கேட்க முடியாது. ஹாஸ்டலில் செய்தால் சிரிப்பு. மிச்சம் இருப்பது செல்போன் வீடியோ. வீடியோவில் வருகிறவரின் தோல் நிறம் வேறு, கண்ணின் அமைப்பு வேறு, அவர் கையில் இருக்கும் பன்னிரண்டு பிரஷ்ஷின் விலையில் இங்கே ஒரு செமஸ்டர் பீஸ் கட்டிவிடலாம். அவர் சொல்லும் இளம் ரோஜா, வெளிர் ஊதா எல்லாவற்றையும் இவள் மாநிறத்தில் போட்டால் சாம்பல் பூசிய மாதிரி தெரிகிறது. "என் கலருக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்று அவளே முடிவு கட்டிக்கொள்கிறாள். தப்பு அவள் தோலில் இல்லைங்க. ஐ ஷேடோ என்பது பெரும்பாலும் டால்க், மைக்கா என்கிற அப்பிரகத் தூள், இதெல்லாம் ஒட்டிப் பிடிக்க ஒரு பசை, அதோடு இரும்பு ஆக்ஸைடு மாதிரி நிறமிகள். வெளிர் நிறங்களில் வெள்ளை நிறமி தூக்கலாகச் சேர்ப்பார்கள். மலிவு சரக்கில் நிறமி கம்மி, வெள்ளைத் தூள் ஜாஸ்தி. அந்த வெள்ளை, வெள்ளைத் தோலில் தெரியாது. மாநிறத்தில் அப்பட்டமாகத் தெரியும். செம்பு, செங்கல், வெண்கலம், காபிக்கொட்டை நிறம், மஞ்சள் ஓடிய பழுப்பு இதெல்லாம் நம்ம ஊர்த் தோலில் என்ன அழகாக உட்காரும் தெரியுமா? அதை அவளுக்குச் சொல்ல ஒரு அக்கா இல்லை. இருக்கிற அக்காவும் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

அந்த அக்கா பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும், முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். இமையில் எண்ணெய்ப் பசை இருந்தால் நிறம் ஒரு மணி நேரத்தில் மடிப்பில் போய்க் கோடாகத் திரண்டுவிடும். முதலில் துடைத்துவிட்டு லேசாக பவுண்டேஷன் தடவி, அதன் மேல் போடவேண்டும். பிரஷ்ஷில் எடுத்ததும் அப்படியே கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகவேண்டும். கண்ணாடியைத் தாழப் பிடித்துத் தாடையைத் தூக்கிக் கீழே பார்த்தால் இமை விரிந்து நிற்கும். வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே வரலாம். கொஞ்சமாகப் போட்டு மேலே மேலே ஏற்றலாம், ஆனால் அதிகமாகப் போட்டதைக் குறைப்பது பெரும்பாடு. ஓரத்தில் கோடு தெரியாமல் மேல் பக்கமாகக் கரைக்க வேண்டும். அதற்கு பிரஷ்ஷின் நுனிக்காம்பைப் பிடிக்க வேண்டும், பேனாவைப் பிடிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்தால் கரையாது. பிரஷ் இல்லாவிட்டால் மோதிர விரல். ஆரம்பத்தில் ஒரே ஒரு நிறம் போதும், அதுவும் மினுமினுப்பு இல்லாததாக இருந்தால் தப்பு தெரியாது. பவுடரை இதற்கு அப்புறம் போட்டால் கன்னத்தில் உதிர்ந்ததைத் துடைத்துவிடலாம். கடைசியாக, டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கு வந்து ஒரு தடவை பார்க்கவேண்டும். அவ்வளவுதான் சங்கதி. இதைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. சிரிக்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

சிரிப்பதால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். குறைகிறது. ஒளித்துச் செய்யும் எதையும் ஒளித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை வாரச்சந்தையில் வளையலுக்கும் கிளிப்புக்கும் நடுவில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டியை, யாராவது தெரிந்தவர்கள் வருவதற்குள், திருப்பிக்கூடப் பார்க்காமல் எடுத்துப் பைக்குள் போடுகிறாள். அந்தப் பெட்டியில் தயாரித்தவர் பெயர் இருக்கிறதா? முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும்? 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி இவையெல்லாம் இருந்தே ஆகவேண்டும். சேர்க்கிற செயற்கை வண்ணத்தில் 10 லட்சத்தில் 20 பங்குக்கு மேல் ஈயமோ, 2 பங்குக்கு மேல் ஆர்செனிக்கோ இருக்கக் கூடாது என்று அளவே வைத்திருக்கிறார்கள். பெயரே போடாத பெட்டிக்கு இதை யார் பார்த்திருப்பார்கள்? உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமைத் தோல். அதில் போய் ஹோலிப் பொடியையும், கைவினைக்கு வாங்கிய ஜிகினாவையும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிகினாத் துகள் கருவிழியைக் கீறிவிட்டால் அப்புறம் கண் டாக்டர்தான்.

மேக்கப்புக்குத் தமிழில் இருக்கும் பழைய சொல்லே 'அரிதாரம்'. அது ஒரு மஞ்சள் கனிமம். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, அதாவது விஷம். அந்தக் காலத்து நடிகர்கள் அதைத்தான் முகத்தில் பூசினார்கள். அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த காலத்தில் இருக்கும் பெண்ணுக்கு லேபிளைப் படிக்க விடாமல் செய்வது வெட்கம். அந்த வெட்கத்தை ஏற்றிவிட்டது ஊர்.

இன்னொரு வேடிக்கை. இதே பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் நிலைமை தலைகீழ். கிருஷ்ணகிரியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பியூட்டிஷியன் வருவார். ஆயிரக்கணக்கில் செலவு. கண்ணுக்கு மூன்று நிறம், மேலே தங்கத் துகள். "கூத்துக்குக் கிளம்பிட்டியா" என்று கேட்ட அதே அத்தை, "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு போடும்மா, போட்டோல தெரியணும்" என்பார். ஆக ஐ ஷேடோ மேல் யாருக்கும் கோபம் கிடையாது. அவள் கையால் அவளே போட்டுக்கொள்வதுதான் பிரச்சினை. யாரோ போட்டுவிட்டு, யாரோ பார்த்துத் தலையாட்டினால் மங்களம். அன்றைக்கு அவள் முகத்தை இரண்டு ஷேடு வெளுப்பாக்கி விடுவார்கள், கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக. அப்போது 'இயற்கை அழகே போதும்' கட்சியினர் எல்லோரும் பந்தியில் பிஸியாக இருப்பார்கள் :-)

அந்த இயற்கைக் கட்சியின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' எத்தனை வீட்டு அலமாரியில் இருந்தது! அதை யாரும் மேக்கப் என்று நினைக்கவில்லை. 2020-இல் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள், க்ரீம் அதே அலமாரியில்தான் இருக்கிறது. நிறத்தை மாற்றிக்கொள் என்று சொல்கிற டியூபுக்கு வீட்டில் இடம் உண்டு. இருக்கிற நிறத்தின் மேல் விளையாடிப் பார்க்கிற பெட்டிக்கு இடமில்லை!

இதைவிட நேர்மையான எதிர்ப்பு ஒன்று உண்டு. அலங்காரம் பெண்ணைப் பொம்மையாக்குகிறது, நகையையும் சிங்காரத்தையும் விட்டொழியுங்கள் என்று சொன்னவர் பெரியார். அதைச் சொல்லி மறுக்கிறவர்களைக் கிண்டல்காரர்களோடு சேர்க்க முடியாது. ரிசப்ஷன் வேலைக்கு மேக்கப் போட்டுத்தான் வரவேண்டும் என்று பெண்களை மட்டும் நிர்ப்பந்திக்கிற இடங்கள் இருக்கும் வரை அந்தக் கேள்விக்கு உயிர் இருக்கும். வேண்டாம் என்கிற பெண்ணை யாரும் வற்புறுத்தக் கூடாது, சரிதான். ஆனால் பொம்மைக்குத் தானே பூசிக்கொள்ளத் தெரியாது, தானே அழிக்கவும் தெரியாது. மணவறையில் உட்காரவைக்கும் முகத்தைப் பொம்மை என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். தப்புத் தப்பாகப் போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு டெஸ்ட்டுக்குப் படிக்க உட்காருகிறவளை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமா?

பணம் என்று வந்தால் இந்தக் கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். மும்பை சினிமாவில் மேக்கப் போடுவது ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஆண்கள் வேலையாக இருந்தது. பெண்களுக்குத் தலை அலங்காரத்துக்கான கார்டு மட்டும்தான் கொடுப்போம் என்று அங்கே இருந்த சங்கம் விதியே வைத்திருந்தது. கலிபோர்னியாவில் மேக்கப் படித்துவிட்டு வந்த சாரு குரானா கேட்டபோதும் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2014 நவம்பர் 10-ஆம் தேதிதான் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2014! அதாவது பெண் தன் முகத்தில் போட்டுக்கொண்டால் ஷோக்கு, ஆண் கூலி வாங்கிக்கொண்டு அவள் முகத்தில் போட்டால் தொழில் என்று நாடு முழுக்க ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காரிமங்கலத்தில் டிகிரி முடித்துவிட்டு, ஊரைவிட்டுப் போக வீட்டில் அனுமதி கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். முகூர்த்த சீசனில் உள்ளூரிலேயே பிழைக்க வழிகாட்டும் வேலைகளில் மணப்பெண் அலங்காரமும் ஒன்று. அதற்கான கையைப் பதினெட்டு வயதில் சிரித்தே முடக்கிவிட்டு, அப்புறம் பெங்களூரிலிருந்து ஆள் வரவழைக்கிறார்கள்.

கூத்து முடிந்ததும் துரியோதனன் வேஷக்காரர் பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைப்பார். ஐ ஷேடோவுக்கும் அதேதான். தனியாக ரிமூவர் எல்லாம் வாங்கத் தேவையில்லை. பஞ்சில் நாலு சொட்டு, மூடிய இமை மேல் அரை நிமிஷம் வைத்து, தேய்க்காமல் கீழ்நோக்கி இழுத்து எடுத்துவிட்டு முகம் கழுவ வேண்டும். எண்ணெய் கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளவும். ராத்திரி அதோடு தூங்கவே கூடாது, காலையில் கண் எரியும். நாளைக்கு இடது கண்ணிலிருந்து ஆரம்பித்துப் பார்க்கலாம், அதுதானே சரியாக வரமாட்டேன் என்கிறது.