பிளாவும் கண்ணாடிக் கிண்ணமும்

கொழும்பு விடுதிகளில் திராட்சை மதுவைச் சுழற்றி, முகர்ந்து, நாவில் நிறுத்திச் சுவைக்கப் பழகுவோரைக் கண்டிருக்கிறேன். அது நாகரிகமாம். மன்னார்த் தீவின் தவறணையில் பனையோலைப் பிளாவில் கள் அருந்துபவன் மட்டும் குடிகாரன்!

நண்பர்களே, கள்ளுக்கும் சுவையறிவு வேண்டும். பாளையிலிருந்து முட்டியில் சொட்டும்போதே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கத் தொடங்குகின்றன. இறக்கியவுடன் இனிப்பு, மாலையில் புளிப்பும் காரமும், மறுநாள் காடி. முட்டியில் சுண்ணாம்பு தடவினாலோ புளிக்காத கருப்பணி. திராட்சை மது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். கள் ஒரு பகல்கூடப் பொறுக்காது.

தமிழ்நாடு 1987இல் கள்ளைத் தடைசெய்தது. 2003 முதல் வடித்தெடுத்த கடும் மதுவை அரசே சில்லறையாக விற்கிறது. போதைதான் குற்றமெனில் இது என்ன நியாயம்?

நமது இகழ்ச்சி கள்ளின்மீதன்று, மரமேறுபவனின் சாதிமீது. கிண்ணத்தைச் சுழற்றும் கனவான்கள் இதனை மறுக்கட்டும், பார்க்கலாம்.