கூரை ஓவியம் தாளில் வந்த கதை

செங்கற்பட்டு முதல் கோவளம், மாமல்லபுரம் கடற்கரை வரை, சகாய மாதா படம் இல்லாத கத்தோலிக்க இல்லம் அரிது. மூல ஓவியம் உரோமையில் புனித அல்போன்சு ஆலயத்தில் உள்ளது. நம் சுவரில் இருப்பது அதன் அச்சுப்படம். இவ்வழக்கம் மிகப் பழையது.

1580-ல் சேசு சபைக் குருக்கள் அக்பரின் பத்தேபூர் சிக்ரியை அடைந்து, அந்துவெர்ப்பு நகரில் அச்சான பன்மொழி விவிலியத்தை அவருக்கு வழங்கினர். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஞானப் படங்களும் அக்காலத்தில் அவ்வரசவையை எட்டின. அவற்றுள் ஒன்றைப் பார்த்துக் கேசவதாசர் என்னும் இந்து ஓவியர், விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித ஜெரோமைக் கண்ணயர்ந்த முதியவராக வண்ணத்தில் தீட்டினார்.

அவ்வச்சுப்படத்தைச் செதுக்கியவர் மாரியோ கர்த்தாரோ என்னும் இத்தாலியர். அவர் எடுத்தாண்ட உருவமோ, மிக்கேல் ஆஞ்சலோ 1512-ல் முடித்த சிஸ்டைன் சிற்றாலயக் கூரையிலுள்ள நோவா. திராட்சை மதுவில் மயங்கிக் கிடந்த நோவா, தாளில் இறங்கியதும் தவமுனிவராகிவிட்டார்! மாமல்லபுரப் பாறையில் தவசியைப் பார்த்துப் பூனையும் தவக்கோலத்தில் நிற்பதைக் கண்ட நமக்கு இது வியப்பன்று.

கூரை ஓவியம் உரோமையிலேயே நிலைத்துள்ளது. கேசவதாசரின் படம் பாரிசு நகரின் கீமே அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றது. இடையே தூதாய் நின்ற அச்சுப்படங்களே அரியனவாயின. சுவரில் ஒட்டப்பெற்று, கைமாறி, ஈரத்தால் நைந்து அவை மறைந்தன. நம் கரையிலோ உப்புக்காற்று வேறு. சட்டம் உளுத்த பழைய படத்தை எறிய எண்ணும் வாசகர், அதன் அடியில் அச்சிட்டோர் பெயர் உளதாவென முதலில் பார்ப்பாராக.