எங்கள் வளவுக்கு எந்த இயந்திரம்?



சென்ற மாதம் ஒரு தங்கச்சி என்னைச் சந்திக்க வந்தார். வன்னியில் பிறந்தவர். 2009 இல் கணவரை இழந்தவர். இப்போது கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகனுடைய வீட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளுடன் வாழ்கிறார். வீட்டைச் சுற்றி 80 பேர்ச் வளவு, அதாவது அரை ஏக்கர். மழை பெய்தால் இரண்டு கிழமையில் புல் முழங்காலுக்கு வந்துவிடும். பாம்புப் பயம், நுளம்புத் தொல்லை. ஒவ்வொரு தடவையும் ஆள் பிடித்து வெட்டக் கூலி கொடுத்துக் கட்டுபடியாகவில்லை.

கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நான்கு சில்லு வைத்த சிறிய ட்ரக்டர். இருக்கையில் ஏறியிருந்து ஓட்டலாம். அடியில் சுழலும் தகடுகள் புல்லை வெட்டும்.

"அக்கா, அண்ணா இதைத்தான் வாங்கச் சொல்லுறார். அங்க தாங்கள் இதிலைதான் வெட்டுறவையாம். காசும் அனுப்புறாராம். எனக்கெண்டால் பயமாக் கிடக்கு. வேண்டாம் எண்டால் கோவிப்பாரோ தெரியேல்லை."

இந்தச் சங்கடம் பலருக்குத் தெரிந்ததே. உதவி செய்பவரிடம் "இது எனக்குச் சரிவராது" என்று சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் அந்த இயந்திரத்தில் ஏறி இருக்கப்போவது அண்ணா அல்ல, தங்கச்சி. ஆகவே தெரிவு செய்யும் உரிமையும் அவருக்கு உண்டு. காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும். அதற்காக இருவரும் வளவுக்கே போனோம்.

முதலில் நிலத்தை அளவுங்கள்

அந்த ட்ரக்டர் கூடாத பொருள் அல்ல. பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் போல, மகாவலி வளைந்தோடும் இடத்தில் பரந்து கிடக்கும் புற்றரைக்கு ஏற்றது. ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள வளவுகள் பெரும்பாலும் படியும் சரிவும். இவ்வகை இயந்திரம் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ளது. ஈரப் புல்லில் சில்லு வழுக்கிப் புரண்டால் ஓட்டுபவரின் மேலேயே விழும். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்ட வேண்டாம் என்று பெரும்பாலான கம்பனிகள் தமது கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன.

பாகையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. நாலடி நீளமான நேரான கம்பு ஒன்றை எடுங்கள். அதன் ஒரு நுனியைச் சரிவின் மேற்பக்கத் தரையில் வையுங்கள். மறு நுனியைப் பள்ளத்துப் பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். பாதி தண்ணீர் விட்ட போத்தலைக் கம்பின் மேல் படுக்கவைத்துப் பார்த்தால் கம்பு மட்டமாக இருக்கிறதா என்று தெரியும். மட்டமானதும், பள்ளத்துப் பக்க நுனியிலிருந்து தரை வரை அளவுங்கள். ஓரடி வந்தால் சரிவு 14 பாகை. அதற்கு மேல் போனால் இருந்து ஓட்டும் இயந்திரத்தை மறந்துவிடுங்கள்.

தங்கச்சியின் வளவில் ஓரடி ஒன்பது அங்குலம் வந்தது. அது 23 பாகைக்கும் மேல். போதாக்குறைக்கு இரண்டு கல் அணைகளும் நான்கு படிகளும் இருந்தன. 200 கிலோ ட்ரக்டரைப் படியில் ஏற்றுவது யார்?

அப்படியானால் எதை வாங்குவது?

தள்ளிக்கொண்டு போகும் இயந்திரம் வீட்டு முற்றம் போன்ற மட்டமான சிறிய இடத்துக்கு நல்லது. சரிவுக்கும் கல் அணைக்கும் தோளில் கொழுவிக்கொண்டு வெட்டும் இயந்திரமே பொருத்தம். இதில் இரண்டு வகை உண்டு.

'டூ ஸ்ட்ரோக்' வகை பாரம் குறைந்தது, விலையும் குறைவு. ஆனால் பெற்றோலுடன் எண்ணெய் கலக்க வேண்டும். கையேட்டில் 25க்கு 1 என்று இருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் எண்ணெய். 50க்கு 1 என்றால் 20 மில்லிலீற்றர். எண்ணெய் கலக்காமல் ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும். 'ஃபோர் ஸ்ட்ரோக்' வகைக்குக் கலக்கத் தேவையில்லை. எண்ணெய்க்கு வேறு இடம் உண்டு. சத்தமும் புகையும் குறைவு. ஆனால் சற்றுப் பாரம், விலையும் கூட.

மின்கலத்தில் ஓடும் இயந்திரம் பெற்றோலுக்கு அலைய விடாது. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. ஆனால் பெரிய வளவுக்கு ஒரு மின்கலம் போதாது. வயர் இழுத்து வேலை செய்யும் இயந்திரத்தை ஈரப் புல்லில் பாவிக்கவே வேண்டாம்.

உங்கள் உடம்பையும் கேளுங்கள்

கடைக்காரர் எஞ்சினின் பலத்தைச் சொல்வார். உங்கள் தோளின் பலம் உங்களுக்குத்தான் தெரியும். நம்மில் பலருடைய உடம்பில் இன்னும் செல் துண்டுகள் உண்டு. சிலருக்குச் செயற்கைக் கால். ஆறேழு கிலோ பாரம் முதல் ஐந்து நிமிடத்துக்கு இலகுவாகத்தான் இருக்கும். கடையிலேயே பட்டியைக் கொழுவி, கால் மணி நேரம் நின்று, நடந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். கொடுப்பது உங்கள் காசு. எஞ்சினை நீங்களே இழுத்து இயக்கிப் பாருங்கள். நீங்கள் இயக்க முடியாவிட்டால், ஒவ்வொரு நாளும் ஓர் ஆளைத் தேட வேண்டிவரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இரைச்சல் சிலரை மறுபடியும் பழைய நாட்களுக்குக் கொண்டுபோய்விடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அது பலவீனம் அல்ல. அப்படியானவர்கள் காதுக் கவசம் அணிந்து பார்க்கலாம், அல்லது சத்தம் குறைந்த மின்கல வகையைத் தெரிவு செய்யலாம். முடியாவிட்டால் கத்தியால் வெட்டுவதும் வேலைதான்.

வெட்டும்போது கண்ணாடி, சப்பாத்து, நீளக் காற்சட்டை கட்டாயம். சுழலும் தகடு கல்லைச் சன்னம் போல எறியும். பிள்ளைகள் 15 மீற்றருக்கு உள்ளே வரக்கூடாது. கல் உள்ள இடத்தில் இரும்புத் தகட்டைக் கழற்றி நைலோன் நூலைப் பூட்டுங்கள்.

சரிவை மொட்டையடிக்க வேண்டாம்

தோட்டப்புறங்களில் சுரண்டியால் புல்லை வேரோடு வழிக்கும் பழக்கம் உண்டு. பார்க்கத் துப்புரவாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த மழைக்கு மேல்மண் ஓடிவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் பட்ட பாட்டைக் கண்டோம். புல் மட்டும் பெரிய மண்சரிவைத் தடுக்காது. ஆனாலும் வேர் மேல்மண்ணைப் பிடித்து வைக்கும். ஆகவே மூன்று அங்குலம் விட்டு மேலால் வெட்டுங்கள். வெட்டிய புல்லை மரத்தடியில் போடுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பைக் கண்டால் புல் வெட்டுவதை விட்டுவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

கடனும் காணியும்

காசு அனுப்ப ஆள் இல்லாத சகோதரிகள் இதற்காக வாரக் கடன் எடுக்க வேண்டாம். நுண்கடனில் எத்தனை பெண்கள் சிக்கினார்கள் என்பதை நாம் அறிவோம். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம். வாங்கும்போது பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை இரண்டையும் கேட்டு எடுங்கள். உதிரிப்பாகம் கண்டியிலேயே கிடைக்குமா, யார் திருத்துவார் என்றும் கேளுங்கள்.

தங்கச்சி இன்னொன்றும் சொன்னார். "தோளிலை கொழுவுறதெண்டால் ஊருக்குப் போகேக்க கொண்டுபோகலாம் அக்கா. அங்க எங்கட காணி பத்தையாக் கிடக்கு."

அந்த ஆசை நியாயமானது. ஆனால் ஒரு வார்த்தை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் நம் பெண்களே பலர் இறங்கி உழைத்திருக்கிறார்கள். என்றாலும், துப்புரவு செய்து கையளிக்கப்பட்டது என்று அதிகாரிகள் உறுதிப்படுத்தாத பற்றைக்குள் கத்தியோடும் போகாதீர்கள், இயந்திரத்தோடும் போகாதீர்கள்.

அன்று மாலை தங்கச்சி, கம்பும் போத்தலும் தெரியும்படி சரிவைப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினார். அளவையும் எழுதினார். இரவு அண்ணா அழைத்தாராம். "நான் இஞ்ச சமதரையிலை இருந்துகொண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை. உனக்கு எது தோதோ அதை வாங்கு. மிச்சக் காசைப் பிள்ளையளின்ரை படிப்புக்கு வை."

இப்போது 'ஃபோர் ஸ்ட்ரோக்' இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா தன் வளவையும் வெட்டித் தரக் கேட்டிருக்கிறார். கூலி பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்குப் போகுமுன் நீங்களும் ஒரு கம்பை எடுத்து உங்கள் வளவை அளந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.