ஹம்மஸுக்கு சாம்பார் கேட்ட கதை

கேம்பஸ்ல செலக்ட் ஆகி, துபாய்க்குப் பெட்டி கட்டிக்கிட்டு இருக்கீங்களா? ஊறுகாய் பாட்டில், பருப்புப் பொடியெல்லாம் அம்மா எடுத்து வச்சாச்சா? ரைட்டு. அங்க போன ரெண்டாவது வாரமே உங்க ரூம்ல ஒருத்தன், 'மாப்ள, இன்னிக்கு லெபனான் கடையில சாப்பிடலாம்டா'ம்பான். கிளம்புறதுக்கு முன்னாடி நான் பண்ணின கூத்தைக் கேட்டுட்டுப் போங்க.

2019 நவம்பர். தேரா ஏரியாவில் அல் ரிக்கா தெருவை ஒட்டி எங்க ரூம். ஒரு ரூம், ஆறு கட்டில், ஒரே பாத்ரூம். முதல் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை தெருமுனை லெபனான் ஓட்டலுக்குப் படையெடுத்தோம். (அப்போ அங்க வெள்ளி, சனி லீவு. சனி, ஞாயிறுன்னு மாறினது 2022-ல.)

உட்கார்ந்ததுமே, ஆர்டர் பண்ணாமலே ஒரு தட்டு வந்துச்சு. முழு தக்காளி, முழு வெள்ளரிக்காய், லெட்டூஸ், ஒரு கொத்து புதினா. எதையுமே நறுக்கலை! கூடவே சூடா ரொட்டி, ரோஸ் கலர்ல ஊறுகாய். 'பில்லுல ஏத்திடுவாங்கடா'ன்னு பயந்து திருப்பி அனுப்பிட்டோம். அது ஃப்ரீ பாஸ்! இலை போட்டதும் உப்பும் ஊறுகாயும் வைக்கிறோமே, அந்த மாதிரி. அந்த ரோஸ் கலர் ஐட்டம் டர்னிப். கூட ரெண்டு துண்டு பீட்ரூட் போட்டு ஊற வச்சா அந்தக் கலர் வந்துடும்.

அடுத்து ஹம்மஸ். கொண்டைக்கடலையை வேகவச்சு, எள்ளு விழுது, எலுமிச்சை, பூண்டு சேர்த்து அரைச்சு, நடுவுல குழி பண்ணி ஆலிவ் எண்ணெய் ஊத்தியிருந்தாங்க. ஜில்லுன்னு இருந்துச்சு. நம்ம ஆள் ஒருத்தன் சீரியஸாவே கேட்டான், 'இதுக்கு சாம்பார் கிடையாதா?' அப்புறம் தபூலே. பார்ஸ்லின்னு ஒரு தழை, பார்க்க கொத்தமல்லி மாதிரியே இருக்கும். அதை ஒரு தட்டு நிறைய பொடிப்பொடியா நறுக்கி வச்சிருந்தாங்க. 'நான் என்ன ஆடா?'ன்னான் இன்னொருத்தன். சிக்கனோட வந்த வெள்ளை விழுதை மயோனைஸ்னு நினைச்சு நான் ஸ்பூனோட வாயில வச்சேன். பச்சைப் பூண்டு! பேரு தூம். கண்ணுல தண்ணி கொட்டிருச்சு.

பரிமாறினவருக்கு அறுபது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. எதையோ விளக்கிச் சொல்ல வந்தார். நாங்க காது கொடுக்கலை. பில்லோட ஒரு கருத்து அட்டை வச்சாங்க. 'சாப்பாடு ஆறிப்போயிருந்தது, சர்வர் கேர்லெஸ்'னு அதுல எழுதினோம். எழுதினது நண்பன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா எழுதினது நான்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு, ராத்திரி ஷவர்மா பார்சல் வாங்கப் போறேன். அந்தப் பெரியவர் பின்பக்கம் கிச்சன் வாசல்ல வெங்காய மூட்டையைத் தள்ளிக்கிட்டு இருந்தார். 'என்ன, டேபிள் பார்க்கலையா?'ன்னு கல்லாவில் இருந்த கேரளத்துப் பையன்கிட்ட கேட்டேன். 'அட்டையெல்லாம் முதலாளி வரைக்கும் போகும் சேட்டா. இவர் மேல அந்த மாசம் மூணு வந்துடுச்சு. உள்ளே அனுப்பிட்டாங்க. டிப்ஸ் போச்சு'ன்னான். மூணுல ஒண்ணு யாருதுன்னு அவனுக்குத் தெரியாது.

டிப்ஸ்தானே, போனா போகுதுன்னு நினைக்காதீங்க. அந்த அக்டோபர்லதான் லெபனான்ல ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க. ரெண்டு வாரம் பேங்க்கெல்லாம் மூடிக்கிடந்துச்சு. திறந்த பிறகும் போட்ட டாலரை எடுக்க விடலை. ஒரு டாலருக்கு 1,507.5 லிரான்னு 1997-ல இருந்து கட்டிக் காப்பாத்தின கணக்கு கண்ணெதிரே சரிய ஆரம்பிச்சது. பெரியவர் துபாய்ல நின்னே சேர்த்த காசு பெய்ரூட் பேங்க்ல மாட்டிக்கிச்சு. வீட்டுக்கு அனுப்ப அவர் கையில அப்போ இருந்தது அந்த டேபிள் டிப்ஸ்தான்.

அன்னிக்கு ஷவர்மா தொண்டையில இறங்கலை.

மறுநாள் ஆறு பேரும் மேனேஜரைப் பார்த்தோம். 'ஹம்மஸ் ஜில்லுன்னுதான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா முதலாளி அட்டையை எண்ணுவார், படிக்க மாட்டார்'னார். சரி, அப்படின்னா எண்ணட்டும்னு ஆளுக்கு ஒரு அட்டை எழுதினோம். ஆறையும் ஒரே பேனாவுல எழுதித் தொலைச்சோம்னு வெளியே வந்த பிறகுதான் உறைச்சது. இருந்தாலும் நாலு வெள்ளிக்கிழமை கழிச்சு அவர் மறுபடி டேபிளுக்கு வந்துட்டார். எங்க அட்டையாலயா, டிசம்பர் கூட்டத்தாலயா, தெரியாது.

அப்புறம்தான் எங்களுக்கு கிளாஸ் ஆரம்பிச்சது. 'பாய்'னு கூப்பிட்டா, 'அம்மோன்னு சொல்லு'ம்பார். அப்பாவோட கூடப் பிறந்தவரை அரபியில அப்படிக் கூப்பிடுவாங்களாம், நம்ம சித்தப்பா மாதிரி. ரொட்டியைக் கிழிச்சு படகு மாதிரி மடிச்சு ஹம்மஸை வழிச்சு எடுக்கணும், ஸ்பூன் கூடாது. தபூலேயை லெட்டூஸ் இலையில அள்ளணும். அதுல தழைதான் ராஜா, கோதுமை ரவை சும்மா பேருக்கு. ஃபத்தூஷ்ல புளிப்புக்கு சுமாக்னு ஒரு சிவப்புப் பொடி. பர்ஸ் இளைச்ச மாசக் கடைசியா? நாலு பேருக்கு ஒரு ஹம்மஸ், ஒரு ஃபத்தூஷ், ஒரு மிக்ஸட் கிரில் போதும். ரொட்டி கேட்கக் கேட்க வரும்.

ஹம்மஸ் யாருதுன்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுடக் கூடாது. 2010 ஜனவரியில இஸ்ரேல்காரங்க 4,090 கிலோ ஹம்மஸ் பண்ணி கின்னஸ்ல ஏறினாங்க. மே மாசமே லெபனான் 10,452 கிலோ அரைச்சுத் தள்ளிடுச்சு. அதென்ன 452? அவங்க நாட்டோட பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்! இதை அம்மோ எங்களுக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். பத்து தடவையும் முதல் தடவை மாதிரியே கேட்டோம்.

2020 ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை. பெய்ரூட் துறைமுகத்துல கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடிச்சது. இருநூறு பேருக்கு மேல போயிட்டாங்க. பக்கத்துல இருந்த தானியக் கிடங்கும் நொறுங்கிடுச்சு. வெள்ளிக்கிழமை மாஸ்க் மாட்டிக்கிட்டுப் போனோம். டேபிளெல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாங்க. அம்மோ டியூட்டியில இருந்தார். தங்கச்சி வீட்டுல ஒரு கண்ணாடி மிச்சமில்லை, ஆளுங்க பிழைச்சாங்கன்னு மட்டும் சொன்னார். வழக்கம்போல காய்கறித் தட்டை வச்சார். 'சஹ்தைன்'னார். 'ரெண்டு மடங்கு ஆரோக்கியம்'னு அர்த்தம், சாப்பிடறவங்களைப் பார்த்துச் சொல்றது. 'அலா அல்பக்'னு பதில் சொல்லணும், 'உங்க நெஞ்சுக்கும்'னு. அவரே சொல்லிக்கொடுத்ததுதான். அன்னிக்கு எங்க யாருக்கும் வாய் வரலை.

சாப்பிட்டு முடிச்சோம். பில்லும் அட்டையும் வந்துச்சு. அம்மோ தன் பாக்கெட்ல இருந்து பேனாவை எடுத்து நேரா என் பக்கமா நீட்டினார்.

"இன்னிக்கும் ஆறித்தான் இருந்துச்சு. எழுது!"

அவ்வளவு நாளும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் சிரிச்சுது. நான் பேனாவை வாங்கவே இல்லை.