மலைக்கு எட்டாத சிகிச்சை

புதுதில்லி: உடலின் ஆழத்தில் உள்ள கட்டியை ஒளியின் வெப்பத்தால் அழிப்பது இனி கற்பனையல்ல. அமெரிக்காவில் தங்கம் பூசிய நுண்துகள்களை நோயாளிகளின் ரத்தத்தில் செலுத்தி, புராஸ்டேட் சுரப்பிக்குள் ஊசி வழியே ஒளியிழையை நுழைத்து, அகச்சிவப்பு லேசரால் கட்டியைப் பொசுக்கினர். 2019-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சை முடித்த 15 பேரில் 13 பேருக்கு ஓராண்டுக்குப் பின் அவ்விடத்தில் புற்றுநோய் இல்லை.

வெளியிலிருந்து பாய்ச்சும் ஒளி சில சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவாது. ஆகவே ஸ்கேன் துணையுடன் ஒளியிழையை உள்ளே செலுத்த வேண்டும். கட்டியும் ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்பட வேண்டும்.

அந்த ஆரம்பக் கண்டறிதல்தான் எல்லைப்புறத் தமிழர்களுக்கு எட்டாமல் இருக்கிறது. 1956 மாநிலச் சீரமைப்பில் கேரளத்தில் சேர்ந்த தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பகுதிகளின் தொழிலாளர்கள் உயர் சிகிச்சைக்காகக் கோட்டயத்துக்கோ, மதுரைக்கோ, கோவைக்கோ செல்ல நேரிடுகிறது. ஒருநாள் பரிசோதனைக்கும் கூலி இழப்பு. அதனால் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் செல்கின்றனர்.

மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமையும் என 2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. இடுக்கி, பாலக்காடு போன்ற எல்லை மாவட்டங்களுக்கு அதில் முன்னுரிமை தேவை. 2018-இல் தொடங்கிய பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாநில எல்லை தடையல்ல என்பது விதி. அது மருத்துவமனை வாசலில் மறுக்கப்படாதிருப்பதை இரு மாநில அரசுகளும் உறுதி செய்ய வேண்டும்.

அடிப்படைப் பரிசோதனையே எட்டாத மக்களுக்கு லேசர் சிகிச்சை வெறும் செய்தியாகவே நின்றுவிடும்.