கப்பல் காத்திருக்காது: தனியாக குரூஸ் போறவங்க விமான டிக்கெட்டை எப்படித் திட்டமிடணும்?

குரூஸ் டிக்கெட் எடுத்தாச்சு, கேபினும் உறுதி. அடுத்து, கப்பல் புறப்படும் ஊருக்குப் போக விமான டிக்கெட் எடுக்க வேண்டும். முதல் முறையாக, அதுவும் தனியாகக் கிளம்புகிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது இந்த இடத்தில்தான். 'ஃபிளைட் லேட் ஆனா என்ன ஆகும்? கப்பல் எனக்காக நிக்குமா?'

நிற்காது. ஒரு பயணிக்காகக் கப்பல் காத்திருப்பது மிக அரிது. ஆகவே இந்தப் பயத்தை 'சும்மா டென்ஷன்' என்று ஒதுக்க முடியாது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே சில விஷயங்களைச் சரியாகச் செய்தால் இந்தப் பயத்தின் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம். தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு எளிதில் எட்டும் குரூஸ் துறைமுகமான சிங்கப்பூரை வைத்தே இதைப் பார்க்கலாம்.

கப்பல் ஏன் நிற்பதில்லை?

2024 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கத் தீவு நாடான சாவோ டோமேயில் நடந்தது உலகம் முழுக்கச் செய்தியானது. 'நார்வீஜியன் டான்' கப்பலில் வந்த 8 பயணிகள், தனியார் சுற்றுலா ஒன்றுக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் கண்ணுக்கு எதிரே நங்கூரமிட்டு நின்றது. ஆனாலும் அவர்களை ஏற்றவில்லை. பல நாடுகள் வழியாகப் பயணித்து காம்பியாவுக்குப் போய்ப் பிடிக்கப் பார்த்தார்கள். கடலின் நிலை சரியில்லாததால் கப்பல் அங்கே கரை சேரவில்லை. கடைசியில் செனகலில்தான் ஏற முடிந்தது.

கப்பலுக்குத் துறைமுகத்தில் இவ்வளவு நேரம் என்று இடம் ஒதுக்கப்படுகிறது. வெளியே கொண்டுபோக வரும் துறைமுக வழிகாட்டி மாலுமிக்கும் நேரம் குறித்தாகிவிடும். அடுத்த துறைமுகத்திலும் இடம் காத்திருக்கும். ஒரு மணி நேரம் தாமதித்தால், அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்ட வேண்டும், எரிபொருள் செலவும் கூடும். ஆயிரக்கணக்கான பேரின் பயணத்தை ஒருவருக்காக மாற்ற மாட்டார்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: '5 மணிக்குப் புறப்படும்' என்றால் 4.55-க்குப் போய் ஏற முடியாது. வழக்கமாக, புறப்படுவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் மூடப்படும். சரியான நேரம் குரூஸ் டிக்கெட்டிலேயே இருக்கும். கணக்குப் போட வேண்டியது அந்த நேரத்தை வைத்துத்தான்.

விமானம் ரத்தானால் யார் பொறுப்பு?

2025 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதை ஒட்டி எழுந்த பிரச்னையில், இண்டிகோவின் விமானங்கள் டிசம்பர் 3 முதல் 5 வரை மட்டும் 2,500-க்கும் மேல் ரத்தாயின. 3 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் தவித்தார்கள். மற்ற விமானங்களில் கட்டணம் எகிற, மத்திய அரசு உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

இப்படி ரத்தானால் டிஜிசிஏ விதிப்படி பயணி மாற்று விமானமோ, முழுப் பணமோ கேட்கலாம். உரிய முன்னறிவிப்பு தராமல் ரத்து செய்திருந்தால், பயண நேரத்தைப் பொறுத்து அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை இழப்பீடும் உண்டு. மோசமான வானிலை போன்ற, விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் அந்த இழப்பீடு கிடையாது.

இதில் எங்கேயும் கப்பல் வரவில்லை என்பதைக் கவனிக்கணும். விமான நிறுவனத்தின் பொறுப்பு, பயணியை சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறக்குவது வரைதான். 'அங்கிருந்து எனக்குக் கப்பல் இருக்கு' என்பது அதன் கணக்கிலேயே இல்லை. கப்பல் நிறுவனத்தின் கணக்கோ வேறு. பயணி வரவில்லை என்றால் அது 'நோ-ஷோ', பெரும்பாலும் பணம் திரும்ப வராது.

பன்னாட்டு விமானம் தாமதமானதால் ஏற்பட்ட நஷ்டத்தை, இந்தியா 2009-ல் இணைந்த மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி கோர வழி உண்டு. ஆனால் நியாயமான எல்லா நடவடிக்கையையும் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் பொறுப்பிலிருந்து விலகிவிடும். அதெல்லாம் ஊர் திரும்பிய பிறகு நடத்த வேண்டிய போராட்டம். போன கப்பல் திரும்பி வராது.

தனியாகப் போகிறவருக்கு நஷ்டம் இன்னும் பெரிது. பெரும்பாலான கேபின்களுக்கு இரண்டு பேர் கணக்கில்தான் விலை வைக்கிறார்கள். ஒருவர் மட்டும் தங்கினால், பல நேரம் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். கப்பலைத் தவறவிட்டால் போவதும் அந்த இரட்டிப்புப் பணம்தான்.

ஒரு நாள் முன்னாடியே போறது ஏன் முக்கியம்?

வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு சிங்கப்பூரிலிருந்து கப்பல் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். செக்-இன் 3.30-க்கு மூடுகிறது. சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் 4 மணி நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

வியாழன் நள்ளிரவு கழித்துப் புறப்படும் விமானத்தில் ஏறினால் வெள்ளி காலை 7 மணிவாக்கில் இறங்கிவிடலாம். 'எட்டு மணி நேரம் கையில இருக்கே, போதாதா?' என்று தோன்றும். விமானம் ஓடும் வரை போதும். ரத்தானால்? அடுத்த விமானத்தில் இடம் கிடைத்து, அது மதியத்துக்குள் சேர வேண்டும். அதில் இடம் தேடுவது, அதே ரத்தான விமானத்தின் மற்ற பயணிகளும்தான்.

அதே பயணி வியாழன் காலையே சேருவதுபோல டிக்கெட் எடுத்திருந்தால்? விமானம் ரத்தானாலும் வியாழன் பகல், வியாழன் இரவு என்று இன்னும் இரண்டு மூன்று வாய்ப்புகள் மிச்சம். பெட்டி தாமதமாக வந்தாலும், கப்பல் கிளம்புவதற்குள் கைக்கு வந்து சேர ஒரு நாள் இருக்கிறது. ஒரு இரவு ஹோட்டல் வாடகைதான் இதற்கான விலை.

அந்த ஒரு நாள் வீணும் இல்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, லிட்டில் இந்தியாவில் இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. முதல் முறை தனியாக வெளிநாடு போகிறவர் பதற்றத்தை இறக்கிவைக்க நல்ல இடம்.

ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா?

சென்னை, திருச்சி, கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. கொஞ்சம் விலை கூடினாலும் பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு நேரடி விமானமே நல்லது. மாறும் இடம் இல்லையென்றால், தவறவிடும் இடமும் இல்லை.

மாறித்தான் போக வேண்டும் என்றால், முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர் எண்ணில் இருக்க வேண்டும். அப்போது முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் வேலை.

விலை குறைகிறதே என்று, சொந்த ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இன்னொரு டிக்கெட் எனத் தனித்தனியாக எடுத்தால் கதை வேறு. முதல் விமானம் எவ்வளவு தாமதம் என்று இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலை இல்லை. பெட்டியை வாங்கி, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அப்படி எடுத்தே ஆகணும் என்றால் நடுவே பாதி நாளாவது இடைவெளி வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: போக-வர ஒரே டிக்கெட்டாக எடுத்து, போகும் விமானத்தில் ஏறாவிட்டால், திரும்பும் டிக்கெட்டும் பெரும்பாலும் தானாக ரத்தாகிவிடும். வேறு வழியில் போய்ச் சேரும் நிலை வந்தால், முதலில் விமான நிறுவனத்திடம் பேசிவிட வேண்டும்.

குரூஸ் நிறுவனமே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தால்?

ராயல் கரீபியனின் 'ஏர்2சீ', பிரின்சஸ் நிறுவனத்தின் 'ஈஸிஏர்' போன்ற திட்டங்கள் இருக்கின்றன. விமானம் தாமதமானால் தகவல் அவர்களுக்கே போகும், மாற்று ஏற்பாட்டுக்கும் உதவுவார்கள். கப்பலைத் தவறவிட்டால், அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய் ஏற்றிவிடவும் முயற்சி செய்வார்கள். இந்தியாவில் பயண முகவர்கள் விற்கும் 'விமானம் பிளஸ் குரூஸ்' பேக்கேஜ்களில் இந்த உதவி இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இங்கே இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'அடுத்த துறைமுகம்' வேறு நாடாக இருக்கும். அந்த நாட்டுக்குள் விமானத்தில் போய் இறங்க அனுமதி இருக்கிறதா? கப்பலில் வருபவருக்கு ஒரு விதியும், விமானத்தில் வருபவருக்கு வேறு விதியும் இருக்கலாம். கப்பல் நிற்கும் எல்லா நாடுகளின் விசா விதிகளையும் கிளம்பும் முன்பே பார்த்து வைப்பது அவசியம்.

சிங்கப்பூருக்கே இந்தியர்களுக்கு விசா வேண்டும். கப்பலில் வெளிநாட்டுக்குப் போய்விட்டு மறுபடி சிங்கப்பூர் வருவதால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று கண்டிப்பாகப் பார்க்கணும். அத்துடன், வந்து சேரும் நாளையும் சேர்த்துக் கடைசி 3 நாட்களுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' நிரப்ப வேண்டும். அரசு இணையதளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளங்களிடம் உஷார்!

எதை முதலில் புக் பண்ணணும்?

குரூஸ் முதலில், விமானம் பிறகு. ஆனால் கப்பல் தேதியே மாறலாம் என்பதற்கும் சமீபத்திய உதாரணம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் 'டிஸ்னி அட்வென்ச்சர்' கப்பலின் முதல் பயணம் 2025 டிசம்பர் 15 என்று அறிவிக்கப்பட்டது. கப்பல் கட்டும் பணி தாமதமானதால் அது 2026 மார்ச் 10-க்குத் தள்ளிப்போனது. கப்பல் கட்டணத்தைத் திருப்பித் தந்தாலும், தனியாக எடுத்த விமான டிக்கெட்டுக்குக் குரூஸ் நிறுவனம் பணம் தரும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் தேதி மாற்றும் வசதி உள்ள டிக்கெட்டுக்குச் சில ஆயிரம் அதிகம் கொடுப்பதில் தவறில்லை. முக்கியமாக, கப்பல் புதிது என்றால்.

பயணக் காப்பீட்டையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். பிரச்னை செய்தியில் வந்த பிறகு எடுக்கும் பாலிசி, அந்தப் பிரச்னைக்குப் பொதுவாகக் கைகொடுக்காது. பாலிசியில் குரூஸ் பயணம் அடங்குமா, விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் பணம் வருமா என்று இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். 'மிஸ்டு கனெக்‌ஷன்' என்று போட்டிருந்தாலும், அது விமானத்துக்கு விமானம் மாறுவதை மட்டும் குறிக்கலாம்.

தனியா போறவங்க சறுக்கும் இடங்கள்

கூட ஒருவர் இருந்தால் 'ஏய், தேதியைப் பாரு' என்று சொல்வார். தனியாகப் போகிறவர் தானே இரண்டு முறை பார்க்க வேண்டியவை இவை.

• நள்ளிரவு விமானம்: டிக்கெட்டில் '15-ம் தேதி 00.30' என்று இருந்தால், விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 14-ம் தேதி இரவு. 15 இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

• இனிஷியல்: தமிழ்ப் பெயர்களில் அடிக்கடி வரும் குழப்பம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், டிக்கெட்டில் ஒற்றை எழுத்து இருக்கும். விசா, விமான டிக்கெட், குரூஸ் டிக்கெட் மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

• எந்தத் துறைமுகம்? சிங்கப்பூரில் குரூஸ் முனையங்கள் இரண்டு. ஒன்று மரீனா பே, மற்றொன்று ஹார்பர்ஃபிரண்ட். டாக்ஸி ஓட்டுநரிடம் 'குரூஸ் சென்டர்' என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் இறங்க நேரலாம். மரீனா பே முனையத்துக்கு மெட்ரோ என்றால் மரீனா சவுத் பியர் நிலையம்.

• கைப்பை: பாஸ்போர்ட், மருந்து, மருத்துவர் சீட்டு, சார்ஜர், ஒரு மாற்று உடை ஆகியவை கையோடு இருக்கட்டும். விமானத்தில் போட்ட பெட்டி வரத் தவறினாலும் கப்பல் ஏறிவிடலாம்.

• எண்கள்: குரூஸ் நிறுவனத்தின் அவசர எண்ணையும் பி.என்.ஆர் எண்ணையும் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கும் ஒரு பிரதி. செல்போனில் சார்ஜ் தீரும் நேரம் யாருக்கும் தெரியாது.

திரும்பும் டிக்கெட்டில் அவசரம் வேண்டாம்

கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேரும் என்பதற்காக 10 மணி விமானத்தை எடுத்துவிடக் கூடாது. கப்பல் தாமதமாகலாம், இறங்குவதற்கும் வரிசை உண்டு. பிறகு குடியேற்றச் சோதனை, விமான நிலையம் போக அரை மணி நேரம், பன்னாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு. மதியம் 2 மணிக்குப் பிறகுள்ள விமானம் நிம்மதி, மாலை விமானம் இன்னும் நிம்மதி.

சரி, இவ்வளவு செய்தும் விமானம் ரத்தானால்?

முதலில் குரூஸ் நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். அடுத்து விமான நிறுவனத்தின் கவுன்டர் வரிசையில் நின்றபடியே அதன் செயலியிலும் மாற்று விமானம் தேட வேண்டும். ரத்து அல்லது தாமதம் என்பதற்கான எழுத்துபூர்வச் சான்றையும், செலவு ரசீதுகளையும் பத்திரப்படுத்தினால் காப்பீட்டுக் கோரிக்கைக்கு உதவும். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள உடனே சம்மதித்துவிடக் கூடாது. அதை வாங்கியதும், மாற்று விமானம் தரும் கடமை அந்த நிறுவனத்துக்கு முடிந்துவிடும்.

ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிய பயணிக்கு, இந்த வேலைகளையெல்லாம் செய்து முடிக்கவும் நேரம் இருக்கும். அன்றே கிளம்பியவருக்கு அந்த வரிசையில் நிற்கும்போதே கப்பலின் செக்-இன் மூடிவிடலாம்.