கெடாய் நம் சொல், பஹாசா நம் சொல்லா?

நோன்பு மாதத்தில் ஒருநாள் எதிர்வீட்டு மலாய் மக்சிக் என் பேத்தி நீட்டிய முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டு, "புவாசா, நோன்பு திறந்ததும் தின்கிறேன்" என்றார். பேத்தி என்னிடம் ஓடி வந்தாள். "தாத்தா, புவாசா தமிழ்ச் சொல்லாமே?" வாட்சப்பில் வந்த பட்டியலில் பார்த்தாளாம். பஹாசா, குரு, பூமி எல்லாம் அதில் தமிழ்க் கணக்கில் இருந்தன.

கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். கணக்கு தவறினால் கை சும்மா இருக்காது. புவாசா என்பது சமஸ்கிருத உபவாசம் தேய்ந்த வடிவம். பஹாசா, பாஷா. நாமும் அங்கிருந்து எடுத்துக்கொண்டவர்கள்தாம். நம்மைப் போலவே பக்கத்து வீட்டார் வாங்கிய கடனை, நாம் கொடுத்ததாக எழுதலாமா?

சுமத்ராவின் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கி.பி. 683-ஐச் சேர்ந்தது. மொழி பழைய மலாய். எழுத்து பல்லவர் எழுத்து. நம் கரையிலிருந்து எழுத்து போனது உண்மை. ஆனால் அதில் கலந்திருக்கும் அயற்சொற்கள் சமஸ்கிருதம். பின்னாளில் இஸ்லாம் வந்தும் சுர்கா, நெராகா, டோசா போகவில்லை. சொர்க்கமும் நரகமும் பள்ளிவாசல் பிரசங்கத்தில் இன்றும் ஒலிக்கின்றன. டோசா அங்கே பாவம். நம் வீட்டில் தோஷம் ஜாதகக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மலாயில் சுவாமி என்றால் கணவன். இதை என் மனைவியிடம் சொன்னேன்; சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்படியானால் நம் பங்கு என்ன? கெடாய் நம் கடை. கப்பால் நம் கப்பல். பெட்டி பெட்டியேதான். மோடால் நம் முதல், வியாபாரி போட்ட முதல். அரண்மனைக்கும் மறுமைக்கும் சமஸ்கிருதம் சொல் கொடுத்தது. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் தமிழ் கொடுத்தது. வணிகர் கப்பலேறி வந்த கதையை இந்த நான்கு சொற்களே சொல்லும்போது, இரவல் நகை எதற்கு?

இந்தக் கேரித் தீவின் மூத்த குடிகள் மா மெரி மக்கள். அவர்கள் மொழி மலாயும் அல்ல, நமதும் அல்ல. தீவோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயரைச் சுமக்கிறது. பெயரை மாற்றி ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் இரண்டு பத்திகள் போடுங்கள்: வடமொழி வழி வந்தவை, தமிழ் வழி வந்தவை. தமிழ்ப் பத்தி சிறியதாக இருக்கட்டும். கணக்கு சரியாக இருந்தால் போதும்.